துர்காவும் 53 நாட்களும்

கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: "சுபாஷ்னா உங்க ஊர்ல நேதாஜி மட்டும்தானா தாதா?" டாக்டர் சுபாஷ் முகர்ஜியைப் பற்றி நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. சரியாகப் பத்தே வாரத்தில், அக்டோபர் 3 அன்று, இங்கே கொல்கத்தாவில் துர்கா பிறந்தாள். இரண்டாவது என்பதால் இந்தக் கதையைச் சொல்ல வரவில்லை. வழி வேறு, அதுதான் விஷயம்.

கருமுட்டையை வெளியே எடுத்துக் கருவாக்குவது பாதி வேலைதான். அது கருப்பையில் பதியணுமே! கருப்பையின் உள்சவ்வு எந்த நேரமும் கருவை ஏற்காது. முட்டை வெளியான பிறகு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அந்தச் சவ்வைப் பக்குவப்படுத்திய பின், சில நாட்கள் மட்டும் கதவு திறந்திருக்கும். அதற்குள் கரு தன் மேலுறையைக் கிழித்து வெளியே வந்து, ஒட்டி, உள்ளே புதைய வேண்டும். புதைந்ததும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து "நான் வந்துட்டேன்" என்று தாயின் உடம்புக்குத் தகவல் சொல்லும். தகவல் போகாவிட்டால் வழக்கம்போல மாதவிலக்கு.

நிறைய முட்டை வேண்டுமென்று ஊசி போட்டால் ஹார்மோன் அளவு எகிறி, சவ்வின் கணக்கு தப்பிவிடும். நாற்று கையில் இருக்கும், வயல் பதம் தப்பியிருக்கும். எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் பல வருடங்கள் முட்டிக்கொண்டது இங்கேதான். கடைசியில் ஊசியே வேண்டாமென்று, இயற்கையாக விளைந்த ஒற்றை முட்டையை எடுத்து ஜெயித்தார்கள்.

முகர்ஜி ஊசியை விடவில்லை. பல முட்டைகள் எடுத்தார், கருவாக்கினார், திரவ நைட்ரஜனில் உறைய வைத்தார். 53 நாட்கள்! ஊசியின் பாதிப்பெல்லாம் அடங்கி, இயல்பான சுழற்சி திரும்பியதும் கருவை உள்ளே வைத்தார். வயலுக்காக நாற்றைக் காக்க வைத்த மனிதர். (கூட உழைத்தவர்கள் சுனித் முகர்ஜியும் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும்.)

மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. தலைவர் ஒரு ரேடியோ இயற்பியல் பேராசிரியர். கருவியல் விவகாரத்துக்கு! பொய் என்று தள்ளிவிட்டார்கள். ஜப்பானில் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது, போக அனுமதி கிடைக்கவில்லை. 1981-ல் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆராய்ச்சியாளருக்குக் கண்ணில் என்ன வேலை? அந்த வருடம் ஜூன் 19, தன் வீட்டிலேயே தற்கொலை செய்துகொண்டார். வயது 50.

உறைந்த கருவிலிருந்து மெல்போர்னில் ஒரு குழந்தை பிறந்தது 1984-ல். இன்றைக்குக் கருவை உறைய வைத்து, அடுத்த சுழற்சியில் வைப்பது எந்தக் கருத்தரிப்பு மையத்திலும் சாதாரணம்.

1986-ல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்ற பெயர் அவளுக்குப் போனது. அதைச் சாதித்த விஞ்ஞானிகளில் ஒருவர் டி.சி.ஆனந்த் குமார். 1997-ல் கொல்கத்தா வந்தபோது முகர்ஜியின் கைக்குறிப்புகள் அவர் கைக்குக் கிடைத்தன. உட்கார்ந்து படித்தார். "முதல் ஆள் நானில்லை, அவர்தான்" என்ற பொருளில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அவரே எழுதினார்.