பன்னிரண்டில் இரண்டு முதல் மூன்றரை விழுக்காடு வரை: அரசுப் பணியில் நமது பங்கின் வரலாறு



அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர், படிவத்தில் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்ற கட்டத்தைக் குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். அச்சிறு கட்டத்தின் பின்னே நூறாண்டு வரலாறு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு அலுவலகங்களில் ஒரு சில வகுப்பினரே நிறைந்திருந்தனர். இந்நிலையை மாற்ற, நீதிக்கட்சி ஆட்சி 1921லும் 1922லும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணைகளைப் பிறப்பித்தது. அவை ஏட்டளவில் நின்றன. டாக்டர் பி. சுப்பராயன் அமைச்சரவையில் இடம்பெற்ற எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் பிறந்த ஆணையே நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு பணியிடங்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என அது பங்கிட்டது. மாகாண மக்கள் தொகையில் முஸ்லிம்கள் சுமார் 7 விழுக்காட்டினரே. எனவே பன்னிரண்டில் இரண்டு என்பது தாராளமான பங்கு என்பதை மறுப்பதற்கில்லை.

1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சுற்று பதினான்கு இடங்களாக மாற்றப்பட்டது. முஸ்லிம்களுக்கு ஓரிடம் கிடைத்தது. பங்கு குறைந்தாலும் அது மக்கள் தொகை விகிதத்தை ஒட்டியே அமைந்தது. அவ்வாண்டில்தான் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் முதன்முறையாகத் தனியிடம் கிட்டியது.

1950இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இம்முறை நீதிமன்றம் சென்றது. கல்லூரிச் சேர்க்கை தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கைப் பலரும் அறிவர். அதே நாளில், 1951 ஏப்ரல் 9 அன்று, உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பே வேலைவாய்ப்பைப் பற்றியது. மாவட்ட முன்சீப் பணியிடங்கள் 83இல் முஸ்லிம்களுக்கு ஐந்து ஒதுக்கப்பட்டிருந்தன. ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும். ஏனைய வகுப்புவாரிப் பங்கீடு செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. முஸ்லிம் என்ற பெயரால் கிடைத்த பங்கு அன்றோடு முடிவுற்றது.

அதன்பின் திறந்திருந்த வழி, பின்தங்கிய நிலை என்ற அடிப்படை ஒன்றே. லெப்பை முதலான நம் பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றனர். எனினும் நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களோடு ஒரே வரிசையில் நின்றதால், நமக்குரிய பங்கு கிடைப்பது அரிதாயிற்று. 2006இல் சச்சார் குழு அறிக்கை நாட்டு நிலையை வெளிப்படுத்தியது: மக்கள் தொகையில் 13.4 விழுக்காடாக இருந்த முஸ்லிம்கள், ஐ.ஏ.எஸ். பணியில் 3 விழுக்காடு மட்டுமே.

சமுதாய அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, 2007இல் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காட்டை நமக்கெனப் பிரித்துச் சட்டமியற்றியது. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இதற்குரியோர். அப்போதே கிறிஸ்தவர்களுக்கும் 3.5 விழுக்காடு தரப்பட்டது. அதனால் பயனில்லை எனக் கருதி, 2008இல் அவர்கள் அதனைத் திருப்பியளித்தனர். நாம் தக்கவைத்துக்கொண்டோம்.

இன்று 200 பணியிடச் சுழற்சியில் ஏழு இடங்கள் நமக்குரியவை. பொதுப்போட்டிக்குரிய 31 விழுக்காட்டிலும் மதிப்பெண் பெற்றோர் நுழையலாம். ஆனால் கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. தட்டுவதற்கு ஆள் வேண்டும். பள்ளிப் படிப்பு முடியுமுன்பே உட்பிரிவைச் சரியாகக் குறித்த சாதிச் சான்றிதழைப் பெற்று வைப்பதும், தேர்வாணைய அறிவிப்புகளைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவதும் நம் கடமை. பெண்களுக்கான தனி ஒதுக்கீடு இவ்வேழு இடங்களுக்குள்ளும் உண்டு. நம் பெண்மக்களை அதிலிருந்து விலக்கி வைத்தல் நியாயமன்று.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. பாங்கு சொல்லும் உயரிய பொறுப்பை, அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களுக்கு அளித்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். குலமும் நிறமும் அங்கே தடையாகவில்லை. அரசிடம் நியாயமான பங்கு கேட்கும் நாம், நம் கடைகளிலும் நிறுவனங்களிலும் ஆள் சேர்க்கும்போது தகுதியுடைய எவருக்கும், அவர் எச்சமயத்தவராயினும், அதே நியாயத்தை வழங்குகிறோமா? பிறருக்கும் நீதி செய்யும் சமுதாயத்தின் கோரிக்கைக்கே வலிமை உண்டு.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.