சுப்ரமணியபுரத்திலிருந்து முண்டாசுப்பட்டிக்கு: தமிழ்த் திரையில் எண்பதுகளின் மறுவருகை

1981இல் வெளியான ‘இன்று போய் நாளை வா’, ‘தில்லு முல்லு’, 1983இன் ‘முந்தானை முடிச்சு’ ஆகிய படங்களுக்கு எண்பதுகள் நிகழ்காலம். காலத்தைக் காட்டும் பொறுப்பு அவற்றை இயக்கிய பாக்யராஜுக்கும் பாலசந்தருக்கும் இருக்கவில்லை; தெருவில் இருந்தது அப்படியே படத்தில் விழுந்தது. கால் நூற்றாண்டு கழித்து அதே பத்தாண்டு, கலை இயக்குநர்கள் தேடித் தேடிக் கட்ட வேண்டிய களமாகத் திரும்பி வந்தது. ஆனால் அது முதலில் அரிவாளோடுதான் வந்தது.

2008இல் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையை எழுப்பியது. தாடி, பெல்பாட்டம், ‘முரட்டுக்காளை’ ஓடும் தியேட்டர், ‘கல்லுக்குள் ஈரம்’ படத்தின் இளையராஜா பாடல் பின்னணியில் பார்வையாலேயே வளரும் காதல் என ஒவ்வொன்றிலும் அக்கறை தெரிந்தது. கதை துரோகத்திலும் கொலையிலும் முடிந்தாலும், ரசிகர் மனத்தில் ஆழமாகத் தங்கியது அந்தக் காதல் பகுதியே. பின்னால் வந்த நகைச்சுவைகளுக்கு அதுவே வழிவிட்டது என்பது என் கணிப்பு.

2014இல் ‘பண்ணையாரும் பத்மினியும்’, ‘முண்டாசுப்பட்டி’ இரண்டும் சில மாத இடைவெளியில் வந்தன. இரண்டுமே அறிமுக இயக்குநர்களின் படங்கள். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்கு எடுத்த குறும்படங்களிலிருந்து விரிந்தவை. குறும்படத்தில் ஊரையே பழைய காலத்துக்கு மாற்றப் பணம் இராது. ஒரே ஒரு பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு கதை சொல்ல வேண்டும். முன்னதில் அது பிரீமியர் பத்மினி கார், பின்னதில் கேமரா.

ராம்குமார் இயக்கிய ‘முண்டாசுப்பட்டி’ 1982இல் நடக்கிறது. போட்டோ எடுத்தால் சாவு வரும் என்று நம்பும் ஊரில், இறந்தவரை மட்டுமே படம் எடுக்கலாம். சாகக் கிடக்கும் ஊர்ப் பெரியவரைப் படம்பிடிக்கச் சத்தியமங்கலத்து ஸ்டூடியோக்காரன் கோபி (விஷ்ணு விஷால்) அங்கே போகிறான். அந்த ஊர்ப் பெண் கலைவாணியிடம் (நந்திதா) மனதைப் பறிகொடுக்கிறான். பிணத்தை உட்கார வைத்துப் போட்டோ எடுப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்மையிலேயே இருந்த வழக்கம். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேமராமுன் நிற்காதவர்களுக்கு அந்த ஒரு படமே மிஞ்சியது. இயக்குநர் அந்தத் துயரமான வழக்கத்தைக் கொச்சைப்படுத்தாமல் சிரிப்பாக்கியிருக்கிறார்.

படத்தின் சிக்கல் முழுவதும் ஃபிலிம் சுருளில் இருக்கிறது. எடுத்த படம் சரியாக விழவில்லை என்பது கழுவிப் பார்த்த பிறகே தெரியும். அதற்குள் பிணம் அடக்கமாகியிருக்கும். எனவே பெரியவரின் சாயலுள்ள, நடிகனாகத் துடிக்கும் முனீஸ்காந்த்தை (ராமதாஸ்) பிணமாக நடிக்க வைக்கிறார்கள். கைப்பேசிக் காலத்தில் இந்தக் கதை ஒரு நிமிடம்கூட நிற்காது.

பின்னர் தமிழ்த் திரையின் ஏக்கம் தொண்ணூறுகளுக்கு நகர்ந்தது. 2018இன் ‘96’ அதன் உச்சம். பழைய உடையையும் பாட்டையும் மட்டுமே வைத்துக் காலத்தைக் காட்டும் படங்கள் இன்றும் வருகின்றன. கதையின் முடிச்சையே எண்பதுகளிலிருந்து எடுத்த காதல் நகைச்சுவை என்ற வகையில் ‘முண்டாசுப்பட்டி’யை அவற்றுக்கெல்லாம் மேலாக வைக்கிறேன்.