தேடினால் வரும், திருத்த முடியாது



2021 மார்ச் கடைசியில் ஆவடியில் எங்கள் தெருவிலிருக்கும் ஓர் அம்மா போனோடு வந்தார். பூந்தமல்லியிலிருந்து குடிவந்தவர், ஓட்டு மட்டும் பழைய முகவரியிலேயே. "சார், தேடினா பேரு வருதே, அப்ப மாத்தவும் முடியும்தானே?" என்றார். முடியாது. வேட்புமனுத் தாக்கல் மார்ச் 19இலேயே முடிந்துவிட்டது. ஏப்ரல் 6ஆம் தேதி பூந்தமல்லிக்கு பஸ் ஏறிப் போய்த்தான் ஓட்டுப் போட்டார்.

படிக்கலாம், எழுத முடியாது. கணினியில் இதை 'ரீட் ஒன்லி' என்பார்கள். அட்டவணைகளாகத் தரவைச் சேர்க்கும் ரிலேஷனல் முறையை எட்கர் காட் வெளியிட்டது 1970இல். அதற்கு முன்பே நம் தேர்தல் சட்டம் இந்தப் பூட்டைப் போட்டுவிட்டது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 23(3): மனுத்தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை பட்டியலில் சேர்க்கவோ, திருத்தவோ, நீக்கவோ கூடாது. யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தபின் பெயர் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பூட்டு எந்த நிமிடம் விழுகிறது என்பதற்கே ஒரு வழக்கு நடந்தது. கர்நாடக மேலவைத் தேர்தலில் கடைசி நாளன்று மனு வாங்கும் நேரம் முடிந்தபின் சில பெயர்களைச் சேர்த்தார்கள். நாள் நள்ளிரவு வரை இருக்கிறதே என்பது ஒரு தரப்பின் வாதம். இல்லை, பிற்பகல் 3 மணியோடு சரி என்றது உச்ச நீதிமன்றம், 1977இல்.

அம்பத்தூரில் தரவுத்தள வேலை பார்க்கும் பழைய மாணவனிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கும் அதே தலைவலிதான் சார். படிக்கிற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றான். போஸ்ட்கிரெஸ் 2010இல் வெளியிட்ட 9.0 பதிப்பிலிருந்து, நகலாக நிற்கும் சர்வரிலும் படிக்கலாம், எழுதத்தான் விடாது. அதனால் சர்வரையே கேட்டுவிட வேண்டும். 'ஷோ டிரான்ஸாக்‌ஷன் ரீட் ஒன்லி' என்றால் 'ஆன்' அல்லது 'ஆஃப்' என்று பதில் வரும். அந்தப் பதில் நம் இணைப்புக்கு மட்டும்தானாம். சர்வரே நகலா என்று அறிய 'பிஜி இஸ் இன் ரெக்கவரி' என்று இன்னொரு கேள்வி.

வாக்காளர் பட்டியலுக்கு அப்படிக் கட்டளை ஏதும் கிடையாது, காலண்டர்தான். அந்த அம்மாவுக்குத் தேர்தல் முடிந்ததும் படிவம் 6 நிரப்பிக் கொடுத்தேன். 2022 ஆகஸ்ட் முதல் வீடு மாறினால் படிவம் 8. உங்களில் வீடு மாறியவர்கள் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.