முதுகு தரையில் பட்ட பிறகு: மல்யுத்தத்திலிருந்து எம்.எம்.ஏ. களத்துக்கு ரித்து போகட்

ரித்து போகட் 2019 முதல் 2025 வரை எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டைக் களத்தில் 11 முறை இறங்கினார். 7 வெற்றி, 4 தோல்வி. வெற்றிகளில் மூன்று, எதிராளி மேற்கொண்டு தாங்கமாட்டார் என்று நடுவர் இடையில் நிறுத்தியதால் வந்தவை. மற்ற நான்கும் நடுவர்கள் தீர்ப்பில் வந்தவை. எதிராளியைப் பூட்டில் சிக்கவைத்துச் சரணடையச் செய்த வெற்றி ஒன்றுகூட இல்லை. தோல்விகளிலோ நான்கில் மூன்று, அவரே சரணடைந்து முடிந்தவை. சிறுவயதிலிருந்தே பிடி பழகிய ஒரு மல்யுத்த வீராங்கனை பிடியிலேயே தோற்றது எப்படி?

மல்யுத்தம் அவர் உடலில் ஊன்றிய பழக்கங்களில் ஒரு பகுதி புதிய களத்தில் பலமானது, மறுபகுதி ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஹரியானாவில் நடந்த கதையை இங்கே எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பொங்கலையும் ஊர்த் திருவிழாவையும் ஒட்டிக் கபடி நடக்காத வட்டாரம் அரிது. உடலோடு உடல் மோதும் ஆட்டத்தில் பிள்ளைகள் முதலில் பழகுவது கணுக்கால் பிடியும் தொடைப்பிடியும்தான். அந்தப் பிடிகளோடு ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே அவை கைவிடும் என்பதற்கு ரித்துவின் 11 சண்டைகள் தெளிவான ஆவணம்.

ஆமூர்க் களமும் சிங்கப்பூர்க் களமும்

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையாகத் தனித்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் உறையூரோடு தொடர்புடையவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தை தித்தனோடு பகைத்து வெளியேறியவன். அவன் ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80-ஆம் பாடலில் பாடினார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மறுகால் அவன் தப்பும் முயற்சிகளைத் தடுத்துப் பின்னால் ஊன்றியிருக்கிறது. மேலே இருப்பவன் தன் எடையையும் காலையும் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதைக் கிட்ட நின்று பார்த்தவரின் நுட்பத்தோடு அப்பாடல் பதிவுசெய்கிறது. இன்றைய எம்.எம்.ஏ. பயிற்சிக் கூடத்தில் இதே நிலையை ஒரு பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். கிள்ளியை விரும்பிய நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார். அவருடைய ஒரு பாடலில், வெற்றி அவனுக்கே என்று ஊரில் ஒரு சாராரும், இல்லை என்று மறுசாராரும் சொல்கிறார்கள். அது அவன் ஊரும் அல்ல, நாடும் அல்ல என்பதே அதற்குக் காரணம். நடுவர்கள் பிரிந்து தீர்ப்பளிக்கும் இன்றைய சண்டைகளில் வெளியூர்க்காரர் படும் பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல்தான் முன்னால் வருகிறது.

இதற்குப் பிறகு நெடுங்காலத்தைத் தாண்டியே வர வேண்டும். பயில்வான், கோதா, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் ஊரில் புழங்கும் சொற்களே மல்யுத்தம் பல வழிகளில் கலந்து வந்ததற்குச் சாட்சி. இருபதாம் நூற்றாண்டில் மல்லர்களின் பயணத்தில் சிங்கப்பூர் ஒரு முக்கிய நிறுத்தமானது. பஞ்சாபின் தாரா சிங் 1947-இல் அங்கே போய்ச் சேர்ந்து, பின்னர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று பெயர் பெற்றார். ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கோடு அவர் மோதியதைப் பற்றித் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தக் காலத்துப் பயில்வானுக்குப் பிழைப்பு கிடைத்தது பார்வையாளர் சீட்டு வாங்கிப் பார்க்கும் காட்சி மல்யுத்தத்தில். தாரா சிங்குக்கு 72 ஆண்டுகள் கழித்து அதே சிங்கப்பூருக்கு ரித்து போனபோது, பிழைப்புக்கான களம் வேறாகியிருந்தது. அங்கே அடியும் உண்மை, வலியும் உண்மை.

கூண்டுக்குள் மல்லர்கள்

எம்.எம்.ஏ.வின் இன்றைய வடிவம் 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியிலிருந்து கணக்கிடப்படுகிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சு பயின்ற ஒல்லியான ராய்ஸ் கிரேசி அதில் வென்றார். 1994 டிசம்பரில் டல்சாவில் நடந்த நான்காம் போட்டியின் இறுதிச் சண்டை நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. கிரேசியை எதிர்த்து நின்றவர் டான் செவர்ன், தேர்ந்த மல்யுத்த வீரர், எடையிலும் மிகப் பெரியவர். கிரேசியைக் கீழே தள்ளி, மேலே அமர்ந்து, 15 நிமிடத்துக்கும் மேலாக அழுத்திக்கொண்டே இருந்தார். மல்யுத்தக் கணக்கில் அது என்றோ முடிந்துபோன ஆட்டம். மல்லாந்து கிடந்த கிரேசி தன் இரு கால்களால் செவர்னின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து முக்கோணமாகப் பூட்டினார். செவர்ன் சரணடைந்தார்.

மல்யுத்த விதி எதிராளியின் இரு தோள்களும் விரிப்பில் ஒரு கணம் அழுந்தினால் ஆட்டத்தை முடித்துவிடும். ஆகவே மல்லாந்து கிடப்பவர் என்ன செய்வார் என்று அதற்குமேல் யோசிக்க மல்லருக்கு அவசியமே வருவதில்லை. ஜியு-ஜிட்சுவோ அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கிரேசியின் வெற்றி காட்டியது இந்த இடைவெளியை.

மல்லர்கள் இதற்கு விடை கண்டார்கள். 1996-இல் வந்த மார்க் கோல்மன், கீழே தள்ளியவரை மேலிருந்து தொடர்ந்து குத்தும் முறையை நிலைநாட்டி, 1997 பிப்ரவரியில் செவர்னையே வென்று யு.எஃப்.சி.யின் முதல் ஹெவிவெயிட் சாம்பியனானார். அதே ஆண்டு ஜூலையில் கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித், கீழே விழுந்தாலும் தாக்குப்பிடித்து எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டு வந்து, மூச்சு வாங்கிய கோல்மனைத் தோற்கடித்தார். மூன்றே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றங்கள் அனைத்தையும் ரித்து தன் ஒரே விளையாட்டு வாழ்க்கைக்குள் சந்திக்க நேர்ந்தது.

பலாலியிலிருந்து

ரித்து 1994-இல் ஹரியானாவின் பலாலி கிராமத்தில் பிறந்தவர். தந்தை மகாவீர் சிங் போகட், பெண்களுக்கு மல்யுத்தம் எதற்கு என்று கேட்ட ஊரில் மகள்களைக் களத்தில் இறக்கியவர். மூத்த மகள் கீதா 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றார்; பபிதா 2014-இல் கிளாஸ்கோவில். இவர்கள் கதை 2016 டிசம்பரில் ‘தங்கல்’ படமாக வந்து தமிழ்நாட்டுக்கும் எட்டியது. ரித்துவின் பதக்கங்களும் அந்த நேரத்தில்தான் குவிந்தன: 2016 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்த காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் 48 கிலோ பிரிவில் தங்கம், 2017 மே மாதம் டெல்லி ஆசியப் போட்டியில் வெண்கலம், அதே நவம்பரில் போலந்தின் பைட்கோஷ் நகரில் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. மல்யுத்த லீக் ஏலத்தில் அவரை ஜெய்ப்பூர் அணி 36 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

2018 தொடக்கத்தில் உலக மல்யுத்தக் கூட்டமைப்பு எடைப் பிரிவுகளை மாற்றியமைத்தது. பெண்களுக்கு 48 கிலோ போய், 50 கிலோ மிகக் குறைந்த பிரிவானது. 50 கிலோவில் அப்போது இந்தியாவில் முன்னணியில் இருந்தவர் ரித்துவின் சித்தப்பா மகள் வினேஷ். ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவரே ஒலிம்பிக் போக முடியும். மறு ஆண்டு ரித்து எடுத்த முடிவை இந்தச் சூழலோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. 2019 பிப்ரவரியில் அவர் சிங்கப்பூரின் எவால்வ் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

11 சண்டைகள்

முதல் சண்டை 2019 நவம்பர் 16, பெய்ஜிங். தென்கொரியாவின் நாம் ஹீ கிம்மை முதல் சுற்றிலேயே முடித்தார். 2020-இல் மூன்று சண்டை, மூன்றும் வெற்றி: தைவானின் வு சியாவ் சென், கம்போடியாவின் நோவ் ஸ்ரே போவ், பிலிப்பைன்ஸின் ஜொமாரி தோரஸ். முறை ஏறக்குறைய ஒன்றுதான். குனிந்து பாய்ந்து கால்களை வாரிப் பிடித்துச் சாய்ப்பது, மேலே ஏறி எடையை இறக்குவது, அங்கிருந்து குத்துவது. கோல்மன் வகுத்த பாதை. சண்டைக்கலைக்குப் புதியவர் ஒருவர் 13 மாதத்தில் நான்கு வெற்றி பெற்றதற்கு, பலாலியில் பெற்ற பாய்ச்சலின் வேகமே காரணம். அந்த எடைப் பிரிவில் அதை நின்றபடியே தடுக்கத் தெரிந்தவர்கள் அப்போது குறைவு.

2021 மே 15-இல் ஒளிபரப்பான போட்டிக்கு அமைப்பாளர்கள் ‘தங்கல்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதில் ரித்து வியட்நாம் வம்சாவளியைச் சேர்ந்த பி நுயெனிடம் நடுவர் பிரிந்த தீர்ப்பில் தோற்றார். முதல் தோல்வி. பிறகு ஜூலையில் லின் ஹெச்சின், செப்டம்பரில் மெங் போ, அக்டோபரில் ஜெனலின் ஒல்சிம் என மூவரையும் வென்று ஆட்டம்வெயிட் எடைப் பிரிவின் கிராண்ட் பிரிக்ஸ் தொடரின் இறுதிக்கு வந்தார். மூன்றும் முழு நேரம் ஓடி நடுவர்கள் தீர்ப்பால் கிடைத்த வெற்றிகள். சாய்த்தபின் எதிராளியை முடிக்க முடியவில்லை என்பதையே இவை காட்டின. வெற்றிகளைக் கொண்டாடிய நேரத்தில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இறுதிச் சண்டை 2021 டிசம்பர் 3. எதிரே தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ், முவாய் தாயிலும் கிக்பாக்ஸிங்கிலும் சாம்பியனாக இருந்தவர். நின்று அடிப்பதில் வல்லவரான ஸ்டாம்ப் அதே ஆண்டு பிப்ரவரியில் தரைச் சண்டையில் கழுத்துப் பூட்டில் சிக்கித் தோற்றவர். தோற்றவுடன் தரையில்தான் பாடம் படித்தார் என்பது இந்தச் சண்டையில் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் ரித்து மேலே, ஸ்டாம்ப் கீழே. கீழிருந்தபடியே ஸ்டாம்ப் ரித்துவின் கையைத் தன் கால்களுக்கு நடுவே வாங்கி, முழங்கையை நீட்டி எதிர்த்திசையில் நெம்பினார். ரித்து தட்டிச் சரணடைந்தார். 27 ஆண்டுகளுக்கு முன் டல்சாவில் செவர்னுக்கு நடந்தது இதுதான்.

அடுத்த தோல்வி 2022 செப்டம்பர் 29, சிங்கப்பூரின் டிஃபனி டியோவிடம், முதல் சுற்றிலேயே பின்னாலிருந்து விழுந்த கழுத்துப் பூட்டில். இங்கே இன்னொரு மல்யுத்தப் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். மல்லாந்துவிடும் ஆபத்து வந்தால் சட்டென்று குப்புறத் திரும்பு என்றே மல்யுத்தம் பழக்குகிறது. குப்புறக் கிடப்பவர் சில புள்ளிகள்தான் இழப்பார், ஆட்டத்தை அல்ல. எம்.எம்.ஏ.வில் முதுகை எதிராளிக்குக் கொடுப்பதைவிடக் கேடு வேறில்லை. 20 ஆண்டுகள் உடம்பைக் காத்த அனிச்சை, புதிய விதியின் கீழ் கழுத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ரித்து தாயான பிறகு, 2025-இல் திரும்பி வந்து ஜப்பானின் அயகா மியுராவிடம் தோற்றதும் சரணடைந்துதான்.

மற்ற மூவர்

இது ரித்துவின் தனிக் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான அர்ஜன் சிங் புல்லர், 2010 டெல்லி காமன்வெல்த்தில் 120 கிலோ தங்கம் வென்று, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். அவரும் 2018 ஏப்ரலில் யு.எஃப்.சி.யில் ஆடம் வியட்சோரெக்கிடம் தோற்றார், மேலே இருந்தபோதே. கீழே கிடந்தவர் கால்களால் அவர் தோளை முறுக்கிப் பூட்டினார். புல்லர் அதன்பின் தன் ஆட்டத்தில் குத்துச்சண்டையை வளர்த்துக்கொண்டார். ரித்து முதல் தோல்வி கண்ட அதே ‘தங்கல்’ போட்டியில், 2015 முதல் பட்டம் வைத்திருந்த பிராண்டன் வேராவை நின்று குத்தியே களைக்கவைத்து, இரண்டாம் சுற்றில் சாய்த்து முடித்து, அந்தப் போட்டியை நடத்திய ஒன் அமைப்பின் ஹெவிவெயிட் சாம்பியனானார்.

தமிழர் ஒருவர் நேரடியாகச் சம்பந்தப்பட்ட சண்டை ஒன்றும் உண்டு. மலேசியத் தமிழரான அகிலன் தாணி, உடல் பருமனைக் குறைக்கப் பயிற்சிக் கூடம் போய் ஜியு-ஜிட்சு கற்று வீரரானவர். 2017 மே 26-இல் சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரெனோடு வெல்டர்வெயிட் பட்டத்துக்காக மோதினார். ஆஸ்க்ரென் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மல்லர். முதல் சுற்றிலேயே அகிலனைத் தரைக்குக் கொண்டுபோய், கையையும் கழுத்தையும் சேர்த்து நெரித்துச் சரணடையச் செய்தார். சாய்த்தபின் பூட்டி முடிக்கவும் கற்ற மல்லர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதற்கு ஆஸ்க்ரென் சான்று. ரித்துவின் 7 வெற்றிகளில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான்.

கபடிக் களத்திலிருந்து பார்த்தால்

கபடியில் ஒரு ரைடுக்கு 30 வினாடி. பிடிப்பவர் அந்த நேரம் வரை கணுக்காலையோ தொடையையோ விடாமல் இருந்தால் போதும். புள்ளி வந்துவிடும், எல்லோரும் எழுந்து விடுவார்கள். எம்.எம்.ஏ.வில் ஒரு சுற்றே 5 நிமிடம். எனவே ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ நன்றாகப் பிடிக்கும் ஒரு பெண் நாளை இக்களத்துக்குப் போக விரும்பினால், சாய்க்கும் கலையில் பாதியைக் கையோடு கொண்டுபோவாள். அந்தப் பாதி சிறியதல்ல. அவளுக்குப் பயிற்சியாளர் முதலில் தர வேண்டியது கீழே கிடப்பவரின் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போகும் பயிற்சி. அடுத்து, தன் முதுகைக் கொடுக்காமல் எழும் பயிற்சி. குத்துவதும் உதைப்பதும் மூன்றாவதாக வரலாம். ரித்து இந்த வரிசையில் படிக்க நேரம் கிடைக்காமல், பயிற்சியில் சேர்ந்த ஒன்பதே மாதத்தில் மேடையேறினார். முதல் நான்கு வெற்றிகள் வேகமாக வந்ததால், தரைப் பாடத்தின் அவசரம் யாருக்கும் தெரியாமல் போனது. 2021 டிசம்பரில் ஸ்டாம்ப் அதைக் காட்டியபோது அவர் 27 வயதில் 9 சண்டைகளை முடித்திருந்தார்.