நிணநீர்க்கணு வீக்கமும் உடல்நலப் பதற்றமும்

நிணநீர்க்கணு வீக்கம் என்பது கழுத்து, அக்குள், தொடையிடுக்கு முதலிய இடங்களில் அமைந்துள்ள நிணநீர்க்கணுக்கள் வழமையான அளவை விடப் பெரிதாதலைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது நெறி கட்டுதல் எனப்படுகிறது. பெரும்பாலும் இது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே ஆகும். எனினும் காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அறிகுறியாகவும் அமையக்கூடும். காரணத்தை உறுதி செய்யச் சில வாரங்கள் பிடிக்கலாம். அக்காலத்திலும், சோதனைகள் முடிந்த பின்னரும், மருத்துவரின் விளக்கத்தால் தணியாது நீடிக்கும் நோயச்சம் உடல்நலப் பதற்றம் எனப்படும்.

நிணநீர்க்கணுக்கள்

மனித உடலில் ஏறத்தாழ 600 நிணநீர்க்கணுக்கள் உள்ளன. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றின் வழியே சென்று குருதியுடன் கலக்கிறது. நிணநீரில் வரும் நோய்க்கிருமிகளை இக்கணுக்களில் உள்ள வெண்குருதியணுக்கள் இனங்கண்டு பெருகுவதால் கணு வீங்குகிறது.

பொதுவாக 1 செ.மீ. வரையிலான கணுக்கள் இயல்பானவையாகக் கொள்ளப்படுகின்றன. தொடையிடுக்கில் 1.5 செ.மீ. வரை இயல்பாக இருக்கலாம். நலமுடன் உள்ளவர்களிடத்தும், குறிப்பாக மெலிந்த உடலினரிடத்தும் சிறார்களிடத்தும், சிறு கணுக்கள் கைக்குத் தட்டுப்படுவது உண்டு. தொற்று நீங்கிய பின்னரும் கணு முற்றிலும் சுருங்காமல் ஆண்டுக்கணக்கில் தட்டுப்படலாம். எனவே ஒரு கணு கைக்குப் படுவது மட்டுமே நோய்க்குச் சான்று ஆகாது.

காரணங்கள்

* தொண்டை அழற்சி, பல் சீழ், தலைத்தோல் புண், காலில் ஏற்படும் காயம் போன்ற அண்மைத் தொற்றுகள்
* எப்சுடீன்-பார் தீநுண்மி, எச்.ஐ.வி. உள்ளிட்ட தீநுண்மித் தொற்றுகள்
* காசநோய். கழுத்துக் கணுக்களில் வரும் காசநோய் பழந்தமிழ் மருத்துவத்தில் கண்டமாலை எனப்பட்டது.
* யானைக்கால் நோய், பூனைக் கீறல் நோய்
* தன்னெதிர்ப்பு நோய்கள்
* பெனிட்டாயின் போன்ற சில மருந்துகள்
* தடுப்பூசிகள். 2021இல் கோவிட்-19 தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டபோது, ஊசி போட்ட பக்கத்து அக்குளில் கணு வீங்குவது பலரிடம் காணப்பட்டது.
* நிணநீர்ப் புற்றுநோய், குருதிப் புற்றுநோய், பிற உறுப்புகளிலிருந்து பரவிய புற்றுநோய்

நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் காரணம் தெரியாத கணு வீக்கத்துடன் வந்த 2,556 பேரைப் பற்றிய ஆய்வு 1988இல் வெளியானது. அவர்களுள் 29 பேருக்கே, அதாவது 1.1 விழுக்காட்டினருக்கே, புற்றுநோய் இருந்தது. 40 வயதைக் கடந்தவர்களில் இது ஏறத்தாழ 4 விழுக்காடாகவும், அதற்குக் குறைந்த வயதினரில் 0.4 விழுக்காடாகவும் இருந்தது. காசநோய் மிகுந்த இந்தியா போன்ற நாடுகளில், நாட்பட்ட கழுத்துக் கணு வீக்கத்திற்குக் காசநோய் முக்கியக் காரணமாகும். மருந்துகளை முறையாக உட்கொண்டால் இது குணமாகக்கூடியது.

காலந்தாழ்த்தக் கூடாத அறிகுறிகள்

* கணு 2 செ.மீ.க்கு மேல் இருத்தல், அல்லது தொடர்ந்து வளர்தல்
* கடினமாகவும், அடித்திசுவுடன் ஒட்டி அசையாமலும் இருத்தல்
* காறையெலும்புக்கு மேல் தோன்றுதல். இடப்பக்கம் இவ்வாறு தோன்றும் கணு, ருடால்ப் விர்ச்சோவின் பெயரால் விர்ச்சோ கணு எனப்படுகிறது. இது வயிற்றுப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.
* 4 வாரங்களுக்கு மேல் குறையாமல் நீடித்தல்
* காரணமற்ற காய்ச்சல், இரவில் ஆடை நனையும் அளவு வியர்வை, 6 மாதங்களில் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இழப்பு

வலி உள்ள கணு பெரும்பாலும் தொற்றைச் சுட்டும். ஆயினும் வலியின் இருப்பையோ இன்மையையோ மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

கண்டறிதல்

மருத்துவர் கணுவையும் அதற்கு நிணநீர் வந்து சேரும் பகுதியையும் ஆய்வார். அபாய அறிகுறிகள் இல்லையெனில் 3 முதல் 4 வாரங்கள் காத்திருந்து மீண்டும் பார்ப்பது ஏற்கப்பட்ட முறையாகும். இது புறக்கணிப்பு அன்று. தேவையெனில் குருதிச் சோதனை, மார்பு எக்சு-கதிர்ப் படம், மீயொலி ஸ்கேன் ஆகியன செய்யப்படும். ஐயம் நீடிப்பின் ஊசி மூலம் உயிரணுக்கள் எடுத்துச் சோதிக்கப்படும். நிணநீர்ப் புற்றுநோய் என ஐயுறும்போது கணுவை முழுமையாக அகற்றிச் சோதிப்பதே சிறந்தது. சோதனைக்கு முன் தாமாகவே இசுட்டீராய்டு மருந்து உட்கொள்ளுதல் கூடாது. அது நோயின் அடையாளங்களை மறைத்துவிடும்.

உடல்நலப் பதற்றம்

இதனைக் கற்பனை நோய் எனக் கருதுவது தவறு. கணு உண்மையானது, அச்சமும் உண்மையானது. கணுவின் பொருள் குறித்த மதிப்பீடே மிகைப்படுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு, பழைய ஐப்போகாண்டிரியா என்னும் பெயரைக் கைவிட்டு, குறைந்தது 6 மாதங்கள் நீடிக்கும் நோயச்சத்தை நோய்ப் பதற்றக் கோளாறு என வகுத்தது.

பால் சல்கோவ்சுகிசு, இலரி வார்விக் ஆகியோர் 1986இல் இதன் சுழற்சியை விளக்கினர். ஐயம் எழுகிறது, சோதித்துப் பார்த்தோ பிறரிடம் கேட்டோ ஆறுதல் பெறப்படுகிறது, பதற்றம் சற்றுத் தணிகிறது, சிறிது நேரத்தில் ஐயம் மீள்கிறது. ஆறுதல் தேடும் செயலே பதற்றத்தை நிலைபெறச் செய்கிறது. கணு வீக்கத்தில் இது தெளிவாகத் தெரியும். நாள்தோறும் பலமுறை அழுத்திப் பார்ப்பதால் அவ்விடம் வலிக்கிறது. அவ்வலி புதிய சான்றாகக் கொள்ளப்படுகிறது. முன்பு கவனிக்கப்படாத இயல்பான கணுக்களும் புதிதாக வீங்கியவையாகத் தோன்றுகின்றன.

இணையத் தேடலும் இதற்குத் துணைபோகிறது. மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஓர்விட்சு ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவான அறிகுறிகளைத் தேடுவோர் அரிய கொடிய நோய்கள் பற்றிய பக்கங்களை நோக்கி நகர்வதை விவரித்தது. ஒரு நோயைப் பற்றிய பக்கங்களின் எண்ணிக்கை அந்நோயின் பரவலைக் காட்டுவது அன்று.

சமாளிக்கும் முறைகள்

* ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டுதல். மறு ஆய்வுக்கான நாளையும், அதற்கு முன்பே வரவேண்டிய அறிகுறிகளையும் கேட்டு எழுதி வைத்தல்
* அந்நாள் வரை கணுவைத் தொடாதிருத்தல். இயலாதெனில், வாரம் ஒருமுறை என வரையறுத்துப் படிப்படியாகக் குறைத்தல்
* அறிகுறிகளை இணையத்தில் தேடுவதை நிறுத்துதல்
* குடும்பத்தினர் "ஒன்றுமில்லை" எனத் திரும்பத் திரும்பக் கூறுவதைத் தவிர்த்து, அச்சத்தைக் கேட்டறிந்து, அன்றாட வேலைகளில் உடன் நிற்றல்
* உறக்கம், உடற்பயிற்சி, பணி ஆகியவற்றை இடைவிடாது தொடர்தல்

பதற்றம் அன்றாட வாழ்வைக் குலைப்பின் உளமருத்துவரை நாடுதல் வேண்டும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இதற்குப் பயன் தருவது நிறுவப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியத்தில் மருத்துவமனைப் புறநோயாளிகள் 444 பேரிடம் பீட்டர் டைரர் குழுவினர் நடத்திய ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோரின் பதற்றம் ஓராண்டுக்குப் பின்னரும் மற்றவர்களை விடக் குறைந்திருந்தது.

இக்கோளாற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது ஆபத்தானது. சுவீடனில் இந்நோய் கண்டறியப்பட்ட 4,129 பேரைப் பற்றி 2023இல் வெளியான ஆய்வில், தற்கொலையால் இறக்கும் இடர் பிறரை விட ஏறத்தாழ 4 மடங்கு மிகுந்திருந்தது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானசு உளநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

பதற்றம் உள்ளவருக்கும் உடல் நோய் வரக்கூடும். ஆதலால் மேற்கூறிய அபாய அறிகுறிகள் தோன்றும்போது, முன்னர்க் கூறிய பதற்றத்தைக் காரணம் காட்டி ஆய்வைத் தவிர்த்தல் நோயாளிக்கும் மருத்துவருக்கும் தகாது.

இவற்றையும் பார்க்கவும்

* நிணநீர்த் தொகுதி
* காசநோய்
* நிணநீர்ப் புற்றுநோய்
* அறிவுசார் நடத்தைச் சிகிச்சை