சாதன மரம்: இணைச்செயலியை இயங்குதளத்துக்கு விவரித்த மொழியின் வரலாறு

கணினி மொழி என்றவுடன் நம் மாணவர்கள் நினைப்பது கட்டளை மொழிகளையே. இதைக் கூட்டு, அதை நகர்த்து, மீண்டும் செய் என ஏவல் வினைகளால் ஆனவை அவை. ஏவல் சிறிதும் இல்லாத, பெயர்களாலும் பண்புகளாலும் மட்டுமே அமைந்த மொழி ஒன்றும் அத்துறையில் உண்டு. 'டிவைஸ் ட்ரீ' என்பது அதன் பெயர். சாதன மரம் என நாம் இங்கு வழங்குவோம். மொழியியல் பயில்வோர் அறியத்தக்க செய்திகள் அதன் வரலாற்றில் பல உள. லாபிஸ் ஆசிரியர், மாணவர் முன்னிலையில் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்கு அதுவே காரணம்.

இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் தொடங்கும்போது, தான் எந்த வன்பொருளின்மீது இயங்குகிறது என்பதை அறியாது. மேசைக் கணினியில் இது பெருந்தொல்லையன்று. பி.சி.ஐ. இணைப்பிலுள்ள அட்டையை வினவினால், ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும் தன் வகையெண்ணையும் அது தெரிவிக்கும். கைப்பேசியிலும் ஆலைப் பொறிகளிலும் பதிந்துள்ள சில்லுகளின் உள்ளுறுப்புகளோ பெரும்பாலும் வினாவுக்கு விடை தருவன அல்ல. இல்லாத முகவரியைத் தொட்டால் கருவி உறைந்து நின்றுவிடுதலும் உண்டு. ஆதலின் யாரேனும் முன்னரே எழுதிவைத்தாக வேண்டும்.

அவ்வாறு எழுதும் முறை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. மிட்ச் பிராட்லி என்பார் வடிவமைத்த ஓப்பன்பூட், 1989இல் வெளிவந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினியில் இடம்பெற்றது, 1994இல் ஐ.இ.இ.இ. 1275 எனும் தரமாகவும் ஆயிற்று. கணினியின் உறுப்புகளைக் கிளையும் கணுவுமாக அடுக்கிக் கெர்னலின் கையில் தருவது அதன் பணி. 2005இல் பவர்பிசி லினக்ஸுக்காக பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் முதலானோர் அம்மரத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, சிறிய பலகைகளுக்கும் பொருந்துமாறு ஒரு கோப்பாகச் சுருக்கினர்.

ஆர்ம் செயலிகளின் உலகம் இதனை நெடுநாள் ஏற்கவில்லை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிரல் கோப்பு கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. பலகைகள் பெருகப் பெருக, ஏறத்தாழ ஒரே செய்தியைக் கூறும் கோப்புகளும் பெருகின. 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்த பின்னரே ஆர்ம் பிரிவினர் சாதன மரத்துக்கு மாறத் தலைப்பட்டனர். எழுத்துமுறைச் சீர்திருத்தங்களைப் போலவே, தேவை மட்டுமன்றி ஒருவரின் சினமும் இங்கு வேண்டியிருந்தது.

இணைச்செயலி நுழைந்தபோது சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அது வெறும் உறுப்பன்று. தனக்கெனத் தனி நிரலை இயக்கும் மற்றொரு செயலி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப்4 சில்லில் படக்கருவிப் பணியையும் காணொளிப் பணியையும் சிறு செயலிகள் இரண்டு ஏற்றிருந்தன. அவற்றை எழுப்பவும் நிறுத்தவும் அந்நிறுவனத்தின் ஓஹாத் பென்-கோஹன் எழுதிய 'ரிமோட்பிராக்' எனும் பகுதி 2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில் சேர்ந்தது. 2014இல் 'ரிசர்வ்டு-மெமரி' எனும் கணுவுக்கான வரையறை வந்தது. பொது நினைவகத்தில் இன்ன முகவரி முதல் இவ்வளவு இடம் பிறர்க்குரியது என அது அறிவிக்கும். 'நோ-மேப்' எனும் பண்பும் உடனிருப்பின், கெர்னல் அவ்விடத்தைத் தன் நினைவக வரைபடத்திலேயே சேர்ப்பதில்லை.

ஜொகூர்த் தோட்டங்களின் வாழ்வை அறிந்தோர்க்கு இது புதிதன்று. புதிதாக வந்த துரைக்கு ஆளையும் தெரியாது, மரத்தையும் தெரியாது. எந்த நிரை எவருடையது என்பது கிராணியின் பதிவேட்டில் இருக்கும். பதிவேட்டில் எழுதப்படாத நிரையைத் துரை வேறொருவர்க்குக் கொடுத்துவிட்டால் விடியற்காலையில் இருவர் ஒரே மரத்தின் முன் நிற்பர். தோட்டத்திலாவது வாய்ச்சண்டையோடு முடியும். நினைவகத்தில் ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் ஓசையின்றி எழுதிவிடுவர். பிழை வெளிப்படுவது எப்போதோ, வேறெங்கோ.

மாணவர்க்கு எளிதில் கிடைக்கும் ஒரு பலகையில் இதனைச் சற்று விரிவாகக் காண்போம். 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக்கின் சில்லில், முதன்மைச் செயலிக்கு அருகே பி.ஆர்.யூ. எனப்படும் சிறு செயலிகள் இரண்டு உள. 200 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவை ஒவ்வொன்றுக்கும் 8 கிலோபைட் தரவு நினைவகம் தனியே உண்டு. இரண்டுக்கும் பொதுவாக 12 கிலோபைட் உண்டு. முதற்செயலி தன் தரவு நினைவகத்தை முகவரி 0 என்கிறது. தன் துணையின் நினைவகத்தை 8192 என்கிறது. இரண்டாவது செயலியோ தன்னுடையதையே 0 என்றும் முதலாவதன் நினைவகத்தை 8192 என்றும் அழைக்கிறது! இவை முகவரிகள் அல்ல, சுட்டுகள். நாம் நிற்குமிடம் நமக்கு 'இங்கு'. எதிரில் நிற்பவர்க்கு அதுவே 'அங்கு'. அகரச் சுட்டும் இகரச் சுட்டும் பேசுவோன் இடத்தைப் பொறுத்தே பொருள்தரும் என்பதைத் தொல்காப்பியம் பயின்றோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முதன்மைச் செயலியில் இயங்கும் கெர்னல் இவ்விரண்டையும் படர்க்கையில் நோக்குகிறது; அதன் பார்வையில் இரு நினைவகங்களுக்கும் மாறாத வேறு இரு முகவரிகள் உள.

சாதன மரத்தில் எழுதப்படுவது இப்படர்க்கை முகவரிகள்தாம். இங்கு-அங்கு மாற்றம் அதில் எழுதப்படுவதில்லை. இரண்டாம் செயலிக்கு நினைவகங்களை இடம்மாற்றிப் பொருள்கொள்ளவேண்டும் என்பதை, பி.ஆர்.யூ.வுக்கான இயக்கி நிரலே அறிந்திருக்கிறது. நம் கருத்தில் இது சரியான பாகுபாடு. ஊருக்கு ஊர் வேறுபடுவது அகராதிக்குரியது. என்றும் மாறாத விதி இலக்கணத்துக்குரியது. பலகைக்குப் பலகை மாறும் முகவரி மரத்தில் நிற்க, அச்செயலி இனத்துக்கே உரிய இயல்பு இயக்கியில் நிற்கிறது. விதியையும் அகராதிக்குள் திணிக்க முயல்வோர் இத்துறையிலும் இல்லாமலில்லை.

பெயரிடுதலும் இங்கு எளிய செயலன்று. ஒவ்வொரு கணுவும் 'கம்பாட்டிபிள்' எனும் பண்பில் தன் பெயரைச் சொல்லும்: முதலில் தனக்கே உரிய சிறப்புப் பெயர், அடுத்துத் தான் ஒத்துள்ள பழைய உறுப்பின் பெயர். கெர்னலுக்குச் சிறப்புப் பெயர் தெரியாவிடின் பழைய பெயரைக்கொண்டு வேலையைத் தொடங்கும். ஆகவே ஒருமுறை வழங்கிய பெயரை மீட்டுக்கொள்ள இயலாது. பழைய மரத்தைப் புதிய கெர்னல் படிக்கவேண்டும் என்பது லினக்ஸ் சமூகத்தின் கொள்கை. நடைமுறையில் வழுவல்களும் நேர்ந்துள்ளன. புதிய பெயரொன்று ஏற்கப்படுமுன் நடக்கும் வாதங்களைப் படிப்போர், கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமர்ந்தவராயின், அந்தச் சூழலை உடனே இனங்காண்பர்.

இப்பாகுபாட்டினால் பெரிதும் பயன்பெறுவோர், புதிதாகச் சில்லு வடிப்பவர்கள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி செயலியின் ரைஸ்கிரீக் சில்லு, 2018இல் இன்டெல்லின் அமெரிக்க ஆலையில் வார்க்கப்பட்டு லினக்ஸை இயக்கியது. அதே ஆண்டு மற்றொரு சில்லு சண்டிகரில் வார்க்கப்பட்டது. 1972 முதல் பினாங்கில் இன்டெல்லுக்காகச் சில்லுகளைப் பொருத்தித் தந்த மலேசியாவும், வடிவமைப்பில் இறங்கும் நோக்குடன் 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்பிலான உடன்பாடு கண்டுள்ளது. இங்குள்ள மாணவர் ஒருவர் நாளை அத்துறையில் சேர்ந்தால், அவர் எழுதவேண்டிய தொடக்கப் பக்கங்களுள் ஒன்று சாதன மரமாகவே இருக்கக்கூடும். சக்தி சார்ந்துள்ள ரிஸ்க்-ஃபைவ் மரபில், கெர்னல் தொடங்கும்போது அதனிடம் தரப்படுபவை இரண்டே எண்கள்: தொடங்கும் செயலியின் எண் ஒன்று, சாதன மரம் நினைவகத்தில் எங்குள்ளது என்னும் முகவரி மற்றொன்று.