கொக்கும் நீர்க்காகமும்: ஒரே வெயில், இரண்டு கணக்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு காலையில் எடுத்த இரண்டு படங்கள். ஒன்றில் மரக்கூட்டத்தை ஒட்டித் தாழப் பறக்கும் வெண்கொக்கு. மற்றதில் தலைக்கு மேலே வானத்தைக் கடக்கும் நீர்க்காகம். இரண்டிலுமே வெளிச்சம் பிசகிவிட்டது. ஒன்றை மட்டும்தான் மீட்க முடிந்தது.

கேமராவின் ஒளிமானிக்குக் கொக்கும் தெரியாது, காகமும் தெரியாது. கண்ட காட்சியை எல்லாம் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கொக்கின் பின்னால் இருந்த கரும்பச்சையைப் பார்த்து ஒளியைக் கூட்டியது. இறக்கை சுண்ணாம்புச் சுவரானது. நீர்க்காகத்தின் பின்னால் வானம் பளீரென்று இருந்ததால் ஒளியைக் குறைத்தது, பறவை கரித்துண்டானது.

14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 16,384 படிகளில் ஒன்றாகப் பதிவாகும். உச்சப் படியைத் தாண்டிய ஒளி எவ்வளவானாலும் அதே ஒரே எண்தான். கொக்கின் இறகுக்கும் இறகுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அங்கேயே தொலைந்தது. லைட்ரூமில் எவ்வளவு இழுத்தாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர இறகு வராது. நீர்க்காகமோ இருட்டில் ஒளிந்துதான் இருந்தது. பறவையை மட்டும் தேர்ந்தெடுத்து நிழல்களைத் தூக்கியதும், தோளருகே செதில்செதிலாக அடுக்கிய இறகுகள் தெரிந்தன. கூடவே நாய்ஸும் வந்தது. அதை நீக்கும் மென்பொருளை அளவோடுதான் நம்புகிறேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இறகையும் சேர்த்தே வழித்துவிடுகிறது, சிறகோரத்தில் வெள்ளை வளையமும் கட்டுகிறது.

ஆக, கொக்கின் கணக்கைக் கரையிலேயே முடிக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8 என்றால் ஷட்டர் 1/1600. வெள்ளைப் பறவைக்கு அதை 1/3200 ஆக்கி, மேனுவலில் பூட்டிவிடலாம். பின்னணி மரமானாலும் வானமானாலும் கொக்கின் மேல் விழும் வெயில் அதேதானே.

நீர்க்காகத்துக்கு மேசையில் வேலை உண்டு என்றாலும், உச்சிவெயிலில் எடுத்த படத்தை அங்கே பிரகாசமாக்கலாம், அவ்வளவுதான். இறக்கைக்கு அடியில் வெளிச்சம் புக வெயில் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் கருப்புக்குள் பச்சை மினுங்கும்.

அடுத்த முறை 1/3200இல் எடுத்த கொக்கைத் திரையில் பார்த்த நண்பர், "என்னண்ணே, கொக்கு அழுக்கா இருக்கே?" என்றார். வீட்டுக்கு வந்து அரை ஸ்டாப் ஏற்றினேன். முதுகுச் சிலும்பல் இழை இழையாகப் பிரிந்து நின்றது.